ஒரு பிள்ளை, இரண்டு பெயர்!

பேகம்பூர்த் தேநீர்க் கடை. மாலை ஆறு மணி. தோல் ஷாப்பு வேலை முடிந்து வந்த பெரியவர் ஒருவர், சுண்ணாம்பு தின்ற விரல்களால் கண்ணாடிக் குவளையைப் பற்றியபடி நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, மேடையிலே மதச்சார்பின்மைன்னு முழங்குனீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எம் மகனுக்கு என்ன மதம்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மேடையிலே கேட்டிருந்தால் ஒரு மேற்கோளைத் தூக்கிப் போட்டுத் தப்பித்திருப்போம். தேநீர்க் கடையிலே தப்ப வழியேது! "என்னண்ணே, உங்கள் கழுத்திலே சிலுவை தொங்குகிறதே, பிறகென்ன சந்தேகம்?" என்றோம். அவர் சிரித்தார். பையனுக்குக் கோயிலிலே ஒரு பெயர். பள்ளிக்கூடத்திலே வேறொரு பெயர். கோயிலில் கூப்பிடும் பெயர் புனிதரின் பெயர். பள்ளிப் பதிவேட்டில் இருப்பதோ முருகனின் பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன், திங்கட்கிழமை தாசில்தார் அலுவலகத்திலே இந்து ஆதி திராவிடன். "ரெண்டுல எதையாச்சும் ஒண்ணை அழிச்சா, ஒண்ணு சாமி போகும், இல்லாட்டிப் படிப்பு போகும். எதைத் தம்பி அழிக்கிறது?"

இதைப் படிக்கும் தோழர்களிலே பலர், "இதென்ன புதுமை, எங்கள் தெருவிலும் உண்டே" என்பார்கள். உண்டுதான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியிலே மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் உண்டு. அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் உலகத்துப் பல்கலைக்கழகங்களிலே பேராசிரியர்கள் தடித்தடிப் புத்தகங்களாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் புதுமை! மதம் என்பது நெஞ்சிலே இருப்பதா, ஏட்டிலே இருப்பதா? மனிதன் மதம் மாறினால் மாறுவது எது, மாறாதது எது? அவர்கள் கண்டதையும், அது நமது தெருவோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே வெட்டுகிறது என்பதையும் நமக்குத் தெரிந்த மொழியிலே இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் ஊரைப் பாருங்கள். மலைக்கோட்டை மீது ஏறி நின்றால் மூன்று சமயமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். 1605இல் மதுரை நாயக்கர் தொடங்கிய கோட்டை. 1755இல் ஹைதர் அலி வந்தமர்ந்த கோட்டை. 1790இல் வெள்ளையன் பிடித்து, 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் உறுதியாக்கிக்கொண்ட கோட்டை. மலையடியிலே கோட்டை மாரியம்மன். திப்புவின் படைவீரர்கள் வணங்கிய அம்மன் என்று ஊரார் இன்றும் சொல்லுவார்கள். அந்தப் பக்கம் பேகம்பூர்: ஹைதரின் உடன்பிறந்தவர் அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலம், அதன் பெயராலேயே ஒரு பேட்டை. இந்தப் பக்கம் 1866இல் தொடங்கி 1872இல் முடித்த புனித சூசையப்பர் கோயில். 2003 முதல் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். "ஆகா, மத நல்லிணக்கத்தின் மாதிரிச் சித்திரம்!" என்று வெளியூர்க்காரர் படம் பிடித்துப் போவார். கீழே இறங்கித் தெருவுக்குள் நடந்தால்தான் சித்திரத்தின் முதுகு தெரியும்.

மதச்சார்பின்மை என்ற சொல்லையே ஏதோ டில்லிப் பட்டணத்து வக்கீல்கள் கண்டுபிடித்த வார்த்தை என்று நினைப்பவர்கள் நம்மிலும் உண்டு. அன்று! அந்தச் சொல்லை ஆங்கிலத்திலே ஆக்கித் தந்தவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். பிரபுவா? பேராசிரியரா? இல்லை. பர்மிங்ஹாம் நகரத்து வார்ப்புப் பட்டறையிலே தந்தையோடு உலோக வேலை செய்த தொழிலாளி! கடவுளைப் பற்றிக் கூட்டத்திலே ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன குற்றத்துக்காக 1842இல் ஆறு மாதம் சிறையிலிருந்தார். 1851இல் இந்தச் சொல்லை உலகுக்குத் தந்தார். கூட்டுறவு இயக்கத்துக்கும் உழைத்தவர். நாகல்நகர்ப் பக்கம் அரத்தைப் பிடித்துக்கொண்டு பூட்டுக்குச் சாவி இழைக்கும் தோழரே, அந்தச் சொல் உங்களைப் போன்ற ஒருவரின் கையிலிருந்துதான் பிறந்தது. அதை யாரும் உங்களுக்குப் பிச்சையாகப் போட வேண்டியதில்லை.

இங்கேயும் அது நேற்று முளைத்ததல்ல. சென்னையிலே 1880களில் இலௌகிக சங்கம் என்ற ஒரு சங்கம் இருந்தது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் ஏட்டை நடத்தியது. சாத்திரத்தையும் சடங்கையும் சாதியையும் பிய்த்து எறிந்த ஏடு. ஐயா அவர்களின் 'குடிஅரசு' தொடங்கியது 1925இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குரல்! நூறாண்டுக்கு மேலாகப் பழந்தாளாகக் கிடந்ததைப் பேராசிரியர் வீ. அரசு தேடித் தொகுத்துத் தந்தார். ஆராய்ச்சி என்றால் சிலருக்கு ஏளனம். ஆராய்ச்சி இல்லாவிட்டால் நமது பாட்டன் பெயரே நமக்குத் தெரிந்திராது. அயோத்திதாசப் பண்டிதர் கதையும் அப்படியே. 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, ஒடுக்கப்பட்ட தம் மக்கள் இந்துக்கள் அல்லர், பூர்வ பௌத்தர் என்று வாதாடிய மாமனிதர். அந்த இயக்கம் என்ன ஆனது, எப்படி ஒரு மதம் விடுதலைக் கருவியாயிற்று என்பதை 1998இல் ஞான. அலாய்சியஸ் ஒரு நூலாக எழுதிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

1606ஆம் ஆண்டு ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், சைவ உணவு உண்டார், சந்தனமிட்டார். மதம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்றார். சாதி ஊர் வழக்கந்தானாம், அதற்கும் கிறிஸ்துவுக்கும் சம்பந்தமில்லையாம்! 1623இல் ரோமாபுரியும் ஒருவாறு ஒப்புக்கொண்டது. பூணூலோடும் குடுமியோடும் ஞானஸ்நானம்! இந்த ஒரு பிரிவினையிலிருந்து என்னென்ன விளைந்தன என்பதை டேவிட் மோஸ் என்ற ஆங்கில மானிடவியலாளர், இராமநாதபுரம் சீமையிலே ஒரு கிராமத்திலே ஆண்டுக்கணக்கில் தங்கி, தோண்டித் துருவி எழுதினார். 2012இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பே ஆலமரத்திலே ஒரு புனிதர் என்று பொருள்படும். சாமி மாறியது, மரம் மாறவில்லை. தேர் இழுக்கும் முறை, மரியாதை பெறும் வரிசை, கோயிலுக்குள் உட்காரும் இடம் எல்லாம் சாதிப்படியே நடந்தன. அதே கோயிலுக்குள்ளிருந்துதான் பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் உரிமைக் குரலும் எழுந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளம் என்று ஓர் ஊர். சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார இரட்டைக் கூடம் வைத்தே கோயில் கட்டினார்கள். தடுப்பை 1910இல் பாதிரியார் இடித்தார். விசுவாசிகள் என்ன செய்தார்கள்? மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்களா? நீதிமன்றத்துக்குப் போனார்கள்! பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சிலே விழுப்புரம் பக்கம் எறையூரில், ஒரே கிறிஸ்துவைக் கும்பிடுகிறவர்களுக்குள் சாதிச் சண்டை. போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பிய செய்தியையும் நாம் படித்தோம். செத்தவன் எழுந்து பக்கத்துக் குழிக்காரனைத் தொட்டுவிடுவான் என்ற பயம் போலும்!

இன்னோர் ஆராய்ச்சியாளர், ரூபா விஸ்வநாத். 2014இல் எழுதிய நூலிலே அவர் சொல்லுவது நமது தொழிலாளித் தோழர்கள் நெஞ்சிலே எழுதி வைக்கத்தக்கது. சேரியிலே இருந்தவர்களின் துன்பம் முதலில் மதத் துன்பம் அல்ல, கூலித் துன்பம். அவர்கள் பண்ணையிலே கட்டுண்ட அடிமைகள். நிலம் அவர்களுக்கு இல்லை. குடிசை போட்ட மண்ணும் அவர்களுடையதில்லை. அதை வெள்ளை அதிகாரிகளும் பாதிரிமாரும் சேர்ந்து "இது இந்து மதத்துக்குள்ளே உள்ள விவகாரம்" என்று திருப்பிவிட்டார்கள். மத விவகாரமாகிவிட்டால் சர்க்கார் தலையிட வேண்டியதில்லை அல்லவா? பண்ணையார் தப்பினார், பட்டா தப்பியது, கடைசியில் மாட்டிக்கொண்டது மனுசாத்திரம் மட்டும். மனுசாத்திரத்தை நாம் விடவில்லை, விடப்போவதுமில்லை. ஆனால், சாத்திரத்தை மட்டும் கொளுத்திவிட்டு நிலப் பத்திரத்தை மறந்துவிடுகிறவர்களுக்கு இந்த அம்மையாரின் நூல் ஒரு சூடு.

சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றிலே தங்கி ஆராய்ந்த நத்தானியல் ராபர்ட்ஸ் 2016இல் எழுதியதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். அங்கே பெந்தெகொஸ்தேக்கு மாறியவர்களில் மிகப் பலர் பெண்கள். ஒரே வீட்டிலே மாமியார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், மருமகள் ஜெபக்கூட்டத்துக்குப் போவாள், வீடு இரண்டுபடவில்லை. மதமாற்றத்தால் நாடே உடைந்துவிடும் என்று 2002இல் தமிழ்நாட்டிலே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தார்களே, 2004இல் அது நீக்கப்பட்டதே, அந்தப் பயத்துக்கும் குடிசைக்குள் நடந்த வாழ்க்கைக்கும் எவ்வளவு தொலைவு பாருங்கள்!

இவ்வளவும் புத்தகம். இப்போது ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கதை.

சென்னை நடைபாதையிலே உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதி திராவிடர் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்திலே இருந்தவர்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. ஊசி அதே, தோல் அதே, வெயில் அதே. வேறுபட்டது சாமி ஒன்றுதான். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. சூசை வழக்கு என்று சட்டப் புத்தகங்களிலே பெயர். 1985 செப்டம்பர் 30இல் தீர்ப்பு: தோல்வி.

ஏன்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாக மாட்டார் என்று அது சொன்னது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வாசலுக்கு வெளியே. நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லும் என்றது. கூடவே ஒன்று சொன்னது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் போதாது. அந்த இழிவும் இடரும் புதிய மதத்திலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று காட்ட வேண்டும். கிறிஸ்தவ சமுதாயத்தின் இன்றைய நிலையைப் பற்றி ஆதாரபூர்வமான விரிவான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது.

கவனித்தீர்களா தோழர்களே? ஒரு தொழிலாளிக்குப் பெட்டிக்கடை கிடைப்பதும் கிடைக்காததும் ஓர் ஆராய்ச்சி இருந்ததா இல்லையா என்பதில் தொங்கியது! ஆராய்ச்சி நமக்கு எதற்கு, அது பட்டதாரிகளின் பொழுதுபோக்கு என்று இனியும் சொல்லுவீர்களா?

கேட்ட ஆய்வு வராமலா போயிற்று? வந்தது. 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தைப் பார்த்துப் பட்டியல் சாதி என்று முத்திரையிடுவதைக் கைவிடுங்கள் என்றது. 2008இல் டில்லிப் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியர் சதீஷ் தேஷ்பாண்டே, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒன்று திரட்டி, தேசியச் சிறுபான்மையோர் ஆணையத்துக்கு அறிக்கை தந்தார். மறுப்பதற்கு நியாயம் இல்லை என்பதே அதன் சாரம். பிறகு? 2022இல் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்திலே எழுதிக் கொடுத்தது: கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமைக் கொடுமை இல்லை, ஆகவே சலுகை இல்லை; மிஸ்ரா அறிக்கை குறையுடையது. அதே ஆண்டு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். அதற்குக் கெடு வைத்து, கெடுவை நீட்டித்து... ஆய்வு இல்லை என்றார்கள், ஆய்வு வந்தது, வந்த ஆய்வை ஆய்வு செய்ய ஆய்வு! 2023 ஏப்ரலிலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்பியது. டில்லிக்குப் போன தீர்மானங்களின் கதி நாம் அறியாததா?

இதிலே ஒரு வேடிக்கை. எங்கள் மதத்திலே சாதியே இல்லை என்று பங்குச் சாமியாரும் பிரசங்கத்திலே சொல்லுகிறார். உங்கள் மதத்திலே சாதியே இல்லை என்று ஒன்றிய அரசும் சொல்லுகிறது. இருவரும் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுதான்! இல்லை என்று சொல்லாதது ஊர் ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பெண் கேட்கும்போது ஊர் கேட்கும். வாடகை வீடு தேடும்போது ஊர் கேட்கும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். கிறிஸ்தவராக இருந்தவர் தாய் மதம் திரும்பினேன் என்று சொல்லி, சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால், பழைய சாதியும் சலுகையும் திரும்பி வரும் என்று 2015இல் உச்சநீதிமன்றம் கூறியது. அப்படியானால் அந்தச் சாதி இடைக்காலத்தில் எங்கே போயிருந்தது? வெளியூர் போன எசமானனுக்காக வாசலிலே படுத்திருந்த நாயைப் போலக் காத்திருந்தது என்றுதானே பொருள்! 2024 நவம்பரிலே புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கிலே, நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லுவது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று தீர்ப்பாயிற்று. பேகம்பூர்ப் பெரியவர் செய்வதும் மோசடிதானா? நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நெஞ்சைத் திறந்து நம்பிக்கையை அளக்கும் தராசு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது? ஒருவன் வயிற்றுக்காகப் பொய் சொல்லும்படி வாசலை அமைத்துவிட்டு, பொய் சொன்னான் என்று பிடரியைப் பிடிப்பது எந்த ஊர் நீதி?

மீனாட்சிபுரத்தையும் மறக்க முடியாது. 1981 பிப்ரவரி 19இல் அந்த நெல்லைச் சிற்றூரிலே ஒடுக்கப்பட்ட மக்கள் பல நூறு பேர் ஒரே நாளிலே இஸ்லாத்தைத் தழுவினார்கள். டில்லி அதிர்ந்தது. அரபு நாட்டுப் பணம், பணம் என்று கூவினார்கள். போய் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: தேநீர்க் கடைக் குவளை, தெருவிலே நடக்கும் உரிமை, பெயருக்குப் பின்னே ஒரு மரியாதை. இன இழிவு நீங்க இஸ்லாம் மருந்து என்று 1947இல் திருச்சியிலே பெரியார் பேசியதன் பொருளை அந்தச் சிற்றூர் 34 ஆண்டு கழித்து நடத்திக் காட்டியது.

ஊராரை மட்டும் குத்திவிட்டு நம்மை விட்டுவிடலாமா? கூடாது. கழகத் தோழர்களே, கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

2011 மக்கள் கணக்கெடுப்பு. இந்தியா முழுவதிலும் தம்மை நாத்திகர் என்று எழுதிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். தமிழ்நாட்டிலே? ஈரோட்டுச் சிங்கம் அரை நூற்றாண்டு கர்ச்சித்த மண்ணிலே? 1,300 பேர்கூட இல்லை! மராட்டியத்திலும் மேகாலயாவிலும் ஒன்பதாயிரத்துக்கும் மேல். நமது மாநாட்டிலே முன்வரிசையிலே அமர்ந்திருப்பவர்களே அதைவிட அதிகம் அல்லவா? அத்தனை கருஞ்சட்டையும் எங்கே போயிற்று?

சட்டத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் இடத்திலே, எவன் முஸ்லிம் அல்லனோ, கிறிஸ்தவன் அல்லனோ, பார்சி அல்லனோ, யூதன் அல்லனோ அவனையும் வலைக்குள் இழுத்துக்கொள்கிறது. மதம் வேண்டாம் என்று கதவைத் திறந்து வெளியேறினால், வந்து விழுகிற முற்றத்துக்கும் இந்து என்றே பெயர்! அண்ணா 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் நமது பெருமை. ஐயரில்லா மணத்துக்குச் சட்டத் தகுதி தந்த சாதனை. அதுவே இந்துத் திருமணச் சட்டத்துக்குள் செருகிய ஒரு பிரிவாகத்தான் வர முடிந்தது. தாலியும் தீயும் மந்திரமும் போயின. பெயர்ப் பலகை போகவில்லை.

பெரியாருக்கு இது தெரியாதா? 1954இல் ரங்கூன் பௌத்த மாநாட்டுக்குப் போனபோது அம்பேத்கர் அவரையும் பௌத்தராகும்படி கேட்டார். வெளியே போய்விட்டால் இந்து மதத்தை விமர்சிக்கும் உரிமை குறைந்துபோகும், உள்ளே இருந்தே இடிக்கிறேன் என்ற கருத்திலே மறுத்ததைப் பெரியாரே பிற்காலத்திலே கூறியிருக்கிறார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியிலே லட்சக்கணக்கானவரோடு வெளியேறினார். இருவரும் இரு வழி. எது சரி என்று பட்டிமன்றம் வைப்பது எளிது. இடிப்பதற்காக உள்ளே இருப்பவன் இடிக்க வேண்டும். வாடகை கொடுத்துக் குடியிருக்கக் கூடாது. நமது வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். மேலே தலைவர் படம். கீழே முகூர்த்த நேரம். இதற்கு ஆராய்ச்சி நூல் தேவையில்லை!

சாதி, மதம் இரண்டையும் எழுதாமல் விடப் பள்ளிகளிலே உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 1973லேயே ஆணையிட்டது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழே பெற்றார். வாழ்த்துகிறோம். ஆனால் பேகம்பூர்ப் பெரியவரிடம் போய், "நீங்களும் அப்படிச் செய்யுங்கள்" என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. சான்றிதழ் தேவைப்படாதவன் சான்றிதழைக் கிழிக்கலாம். மகனின் கல்லூரி அனுமதியும் விடுதிச் சோறும் உதவித் தொகையும் அந்த ஒரு தாளிலே இருக்கிறவன் எதைக் கிழிப்பான்? மதமாறிய ஆதி திராவிடருக்குத் தமிழ்நாட்டிலே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. அது ஒன்றுமில்லாததைவிட மேல். ஆயினும் போட்டி பெரிது, பங்கு சிறிது. அடி விழுந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுக்காது. போதகராகிவிட்ட ஒருவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

நாடு முழுவதும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், 17 மொழிகளில், ஏறத்தாழ 30,000 பேரைச் சந்தித்துக் கேட்டது. எல்லா மதங்களையும் மதிப்பதுதான் உண்மையான இந்தியனுக்கு மிக முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 84. கை தட்டுங்கள்! அடுத்த கேள்வி: உங்கள் மதத்துப் பெண் வேறு மதத்தானை மணப்பதைத் தடுக்க வேண்டுமா? தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67, முஸ்லிம்களில் 80. மதிப்போம், ஆனால் மாப்பிள்ளையாக்க மாட்டோம்! தெற்கே அந்த எண் பெரிதும் குறைவு என்பது நமக்கு ஆறுதல். அந்த ஆறுதலோடு தூங்கிவிடாதீர்கள். இன்னொன்றும் அதிலே உண்டு: பிறந்த மதத்திலேயே இருப்பவர்கள் நூற்றுக்கு 98. மதமாற்ற வெள்ளத்திலே நாடு மூழ்குகிறது என்று கூச்சல் போடுகிறவர்களுக்கு இந்த எண்ணை யாராவது படித்துக் காட்டட்டும்.

ஆனாலும் எண்களுக்கு அடங்காத ஒன்று நமது ஊரில் இருக்கிறது. ஆகஸ்டு மாதம் முத்தழகுபட்டிக்கு வாருங்கள். செபஸ்தியார் கோயில் திருவிழா. நேர்த்திக்கடனாக வந்த ஆடுகளும் கோழிகளும் நூற்றுக்கணக்கில் அறுத்து, அண்டா அண்டாவாக விடிய விடியச் சமைத்து, வந்தவருக்கெல்லாம் விருந்து. வரிசையிலே நிற்பவரை மதம் கேட்பாரில்லை. திருநீறு பூசியவரும் நிற்பார். குல்லா போட்டவரும் நிற்பார். தை பிறந்தால் கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் தேவாலயத் திருவிழாவுக்கு மாடு அவிழ்ப்பார்கள். வாடிவாசலில் சீறி வரும் காளைக்கு அந்தோணியார் வேறு, அய்யனார் வேறு என்று தெரியுமா? புனிதர் பெயரைச் சொல்லி மாட்டைப் பிடிப்பவன் பக்கத்திலே கருப்பன் பெயரைச் சொல்லிப் பிடிப்பவன். ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பல பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரார் வைத்த பெயர் நேர்த்தி. சாமி யாராயிருந்தால் என்ன, கேட்டது கிடைத்ததா என்பதே கணக்கு.

நாம் நாத்திகர், நேர்த்தியிலே நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால், மதத்தை வேலியாக்காமல் வாசலாக்கி வைத்திருக்கும் அந்த எளிய மக்களை, இந்தா உனக்கு ஒரு கட்டம், இதற்குள் நில் என்று நெருக்குகிற கை யாருடையது என்பதிலே நமக்கு நிரம்ப அக்கறை உண்டு. சின்னாளப்பட்டித் தறி ஓசை கேட்கும் தொலைவிலே காந்திகிராமத்துப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நமது பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோல் ஷாப்பு வாசலிலே ஒரு மாலை உட்கார்ந்தாலே ஓர் ஆய்வேட்டுக்குச் செய்தி கிடைக்கும்.

2025இல் அறிவிப்பு வந்தது: 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாக வைத்து, சாதியையும் சேர்த்து மக்கள் கணக்கெடுப்பு. அந்தப் பெரியவர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார். நமது தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்:

"கணக்கெடுக்க வருவாங்க தம்பி. மதம் என்னன்னு கேப்பாங்க. வேதம்னு சொன்னா, சாதிக் கட்டத்திலே எஸ்.சி. போட மாட்டாங்க. இந்துன்னு சொன்னா, உள்ளேருந்து என் சம்சாரம், ஏன்யா பொய் சொல்றேன்னு கேப்பா. அன்னைக்கு நீங்க ஒரு எட்டு வந்து கூட இருப்பீங்களா?"

வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பட்லகுண்டு சாலைப் பக்கத்துத் தோழர்கள் யாராவது நம்மோடு வருவதானால் எழுதுங்கள்.